திங்கள்கிழமைக்காரர்

"சாக்கடைக்கு மூடி போட எத்தனை வாரம்? உங்க வீட்டுக் குழந்தை விழுந்தாத்தான் உங்களுக்கெல்லாம் உறைக்குமா?"

நகராட்சி அலுவலகமே திரும்பிப் பார்த்தது. மனு வாங்கும் ஜன்னலுக்கு வெளியே பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். சலவைச் சட்டை, மடித்த குடை, கையில் நான்காக மடித்த மனு.

உள்ளே உட்கார்ந்திருந்த எழுத்தருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். குரலே உயரவில்லை.

"போட்டாச்சுங்க ஐயா. புதன்கிழமையே போட்டாச்சு."

"நீங்க பார்த்தீங்களா, இல்ல யாரோ சொன்னாங்களா?"

"பார்த்தேங்க. மேல ஏறி நின்னே பார்த்துட்டேன்."

"தெருநாய்?"

"பிடிச்சு ஊசி போட்டு விட்டிருக்காங்க."

"குழாய்த் தண்ணி கலங்கலா வருதுன்னு கேள்வி. சின்னப் பிள்ளைங்க இருக்கிற தெரு. யாருக்கும் காய்ச்சல் கீய்ச்சல் உண்டா?"

"போன வாரம் இருந்துச்சு. இப்ப இல்லைங்க."

பெரியவர் மனுவை நீட்டினார். போகிற போக்கில் ஒரு குண்டையும் போட்டார்.

"ஆளைப் பாரு, எலும்பும் தோலுமா! நேரத்துக்குச் சாப்பிட்டாத்தானே மூளை வேலை செய்யும்? நிமிர்ந்து உட்கார்ந்து வேலையைப் பாருங்க!"

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். எழுத்தர் மனுவில் முத்திரை குத்தி, எண் போட்டு, ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். பெரியவர் அதைப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

தன் அறைக் கண்ணாடி வழியாக ஆணையர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பொறுப்பேற்று மூன்று வாரம்தான் ஆகிறது. மூன்று திங்கள்கிழமையும் இதே கூத்து.

"யார் இவர்?" மேலாளரைக் கேட்டார்.

"திங்கள்கிழமைக்காரர்னு சொன்னா ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும் மேடம். ஆறு வருஷமா வர்றார். ஆன்லைன்ல அனுப்புங்கன்னா கோபம். பக்கத்து ஜன்னல்ல குடுங்கன்னாலும் கேக்க மாட்டார். இந்த எழுத்தர் லீவுன்னா மனுவைக் குடுக்காமலே திரும்பிப் போயிடுவார். வாகா ஒரு ஆள் கிடைச்சுட்டார், வாராவாரம் வந்து வறுத்தெடுக்கிறார்."

ஆணையருக்கு மனது கேட்கவில்லை. பழைய மனுக்களை எடுத்துவரச் சொன்னார். மூன்று கட்டு. எல்லாமே ஒரே தெருவைப் பற்றி: ஒன்பதாவது வார்டு, இரண்டாவது குறுக்குத் தெரு. பெரியவர் வீடோ ஊரின் மறுகோடியில், இரண்டாவது வார்டில்!

மறுநாள் காலை அந்தத் தெருவுக்கே போய்ப் பார்த்தார். சாக்கடை மூடி புதுசு. விளக்குக் கம்பம் சரியாக இருந்தது. குழாயில் தண்ணீர் கண்ணாடி மாதிரி விழுந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

அலுவலகம் திரும்பியதும் இரண்டு உத்தரவுகளைத் தயாரிக்கச் சொன்னார். ஒன்று பெரியவருக்கு: இனி மனுக்களைத் தபாலில் மட்டும் அனுப்ப வேண்டும். இன்னொன்று எழுத்தருக்கு: மாடியில் பிறப்பு, இறப்புப் பதிவுப் பிரிவுக்கு மாற்றம். பொதுமக்கள் தொல்லை குறைவு, மின்விசிறிக்கு நேர் கீழே மேசை.

பிறகு எழுத்தரை அழைத்து, இரண்டையும் அவர் முன்னால் வைத்தார்.

"உங்க பொறுமையைப் பாராட்டுறேன். ஆனா, ஒருத்தர்கிட்ட வாராவாரம் திட்டு வாங்கணும்னு உங்களுக்குத் தலையெழுத்தா? நாளையில இருந்து மாடிக்குப் போயிடுங்க."

படிக்கப் படிக்க எழுத்தரின் முகம் வெளுத்தது.

"மேடம்… இது வேண்டாம் மேடம். நான் அங்கேயே இருந்துடறேன்."

"ஏன்? பயப்படுறீங்களா? அவர் பெரிய இடமா?"

"அதெல்லாம் இல்லை. பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அவரையும் வர வேண்டாம்னு சொல்லிடாதீங்க. வேணும்னா சம்பள உயர்வைக்கூட நிறுத்திக்குங்க."

ஆணையருக்கு விசித்திரமாக இருந்தது. உத்தரவைத் திரும்ப வாங்கிப் பார்த்தவர், எழுத்தரின் வீட்டு முகவரியில் கண்ணை நிறுத்தினார். ஒன்பதாவது வார்டு, இரண்டாவது குறுக்குத் தெரு.



"ஓ! இதுதான் சங்கதியா?" குரலில் இருந்த கனிவு காணாமல் போயிருந்தது. "அவர் எழுதுற தெருவுல உங்க வீடு! அவரை விட்டு மனு போடச் சொல்லி, நீங்களே வாங்கி, உங்க தெரு வேலையை மட்டும் சூட்டோட சூடா முடிச்சுக்கிறீங்க. வெளியில அந்தத் திட்டெல்லாம் நாடகம். அப்படித்தானே?"

"சத்தியமா இல்லை மேடம். நான் அவரை ஒரு மனுகூட எழுதச் சொன்னதில்லை."

"பின்னே, ஊர்க்கோடியில இருக்கிற மனுஷனுக்கு உங்க தெரு மேல என்ன அக்கறை? அவருக்கும் உங்களுக்கும் என்ன ஏற்பாடு? இப்பச் சொல்லலைன்னா இன்னைக்கே மெமோ. விசாரணையும் வரும்."

எழுத்தர் தலைகுனிந்து நின்றார். சொல்வதா வேண்டாமா என்று தவிப்பது தெரிந்தது. கடைசியில் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் இஷ்டப்பட்ட பொண்ணைக் கட்டிக்கிட்டேன்னு, இனி உன்கூட ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு சொந்தக்காரங்க எல்லார் முன்னாலயும் சத்தியம் பண்ணிட்டுப் போனவர் எங்கப்பா, மேடம். ஆபீஸ்ல வந்து பேசறது அந்தச் சத்தியத்துல சேராதுன்னு, ஆறு வருஷமா மனுவோட வந்து நிக்கிறார்."