கால் மணி வேலை

“என்னது, கம்ப்யூட்டர் குப்பை கூட்டுதா?”

ஜம்புநாதன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரமணியை முறைத்தார். அந்த அரசாங்கத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவர்தான் மேனேஜர். ரமணி சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

“ஆமா சார். லிஸ்ப் பாஷையில ப்ரோக்ராம் எழுதினா அப்படித்தான். பழைய பட்டியலைத் திருத்தாது, ஒவ்வொரு தடவையும் புதுசா ஒண்ணு கட்டும். மெமரியில இடம் ரொம்பிட்டா, வேலையை நிறுத்திட்டு வேண்டாததைக் கூட்டித் தள்ளும்.”

“ஸ்டோர்ஸ்ல இருக்கிற அத்தனை சாமானையும் ஃபோர்ட்ரான் பாஷை கால் மணியில வரிசைப்படுத்திடும். உன் லிஸ்ப் மத்தியானம் பூரா முக்கிண்டிருக்கு!”

“எழுதறது சுலபம் சார்...”

“சுலபம்னா வீட்டுல உட்கார்ந்து எழுது. நாளையிலேர்ந்து ஃபோர்ட்ரான்.”

“நக்கோ சார், வேண்டாம்!” பதற்றத்தில் செகந்திராபாத் பாஷை வந்துவிட்டது ரமணிக்கு. “இந்தக் கோடை மட்டும் விட்டுடுங்க, ப்ளீஸ்.”

ஜம்புநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலேஜில் படித்த வித்தையை ஆபீஸ் செலவில் ஆடிப் பார்க்கிறான், திமிர்! இவன் வேலை நிரந்தரமாகிறதா, பார்த்துவிடலாம்.

ஓடுகிற ப்ரோக்ராமைத் தன் கையாலேயே நிறுத்திவிடுவது என்று விறுவிறுவென மிஷின் ரூமுக்கு நடந்தார். ரமணி பின்னாலேயே ஓடினான்.

கதவைத் திறந்ததும் ஏ.சி. குளிர் முகத்தில் அறைந்தது.

உள்ளே ஆபரேட்டர் ஆரோக்கியமேரி. ஏழு மாத வயிறு. வீங்கிய கால்களை ஸ்டூல்மேல் நீட்டி, நாற்காலியிலேயே அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

“இவ சீட்டு வெளியே ஷெட்டுலன்னா இருக்கு?” என்றார்.

“ஹவ் சார், ஆமா. மேலே ஆஸ்பெஸ்டாஸ், வெயில் அப்படியே இறங்குது. போன வாரம் ரெண்டு தடவை மயக்கம். இப்பவே லீவு போட்டா குழந்தை பிறந்தப்புறம் லீவு இருக்காதுன்னு பல்லைக் கடிச்சுண்டு வராங்க.” ரமணியின் குரல் தாழ்ந்தது. “ஏதாவது ஓடினாத்தான் ஆபரேட்டர் இங்கே உட்காரலாம்னு ஜி.எம். ஆர்டர். ஃபோர்ட்ரான்னா கால் மணியில வெளியே போயிடணும்.”

ஜம்புநாதன் சுவிட்சை நோக்கிப் போன கையை இழுத்துக்கொண்டார். சத்தம் வராமல் கதவைச் சாத்தினார். வராந்தாவில் கொஞ்ச தூரம் நடந்ததும் ரமணி பக்கம் திரும்பினார்.

“ஏய்யா, இதைவிட மெதுவா ஓடற பாஷை வேற ஏதாவது இருக்கா?”