இரண்டு டிக்

பீட்டர்ஸ்பர்க் பாலே அரங்கின் நிகழ்ச்சித்தாளில் இளவரசன் வேடத்துக்கு மூன்று பெயர்கள் அச்சாகியிருக்கும். அன்றைக்கு ஆடுகிறவன் பெயருக்கு மட்டும் பென்சிலால் டிக் போடுவார்கள். இன்று இரண்டு டிக் இருந்தது.

“இக்னாத் பேருக்கும் போட்டிருக்கு, வதீம். நான் அவன் குழியில மண்ணு போட்டுட்டு வந்தவ” என்றாள் கபிதோலினா.

“பென்சில் புடிச்சவ தூங்கிருப்பா, கபா. ரோதியோன்தான் ஆடுறான். பேசாம பாரு.”

போன மாதம் இக்னாத்தின் கல்லறையில் அவள் ஆறு ரோஜா வைத்தாள். அந்த ஊரில் பூ கொடுத்தால் இறந்தவர்களுக்கு இரட்டைப்படை, இருப்பவர்களுக்கு ஒற்றைப்படை.

ஆட்டம் முடிந்தது. கபிதோலினா மேடைக்குக் கொடுத்தனுப்பிய ஏழு ரோஜாவில் நாயகி வழக்கம்போல ஒன்றை உருவி, வலப்பக்கம் நின்ற ரோதியோனிடம் கொடுத்தாள். பிறகு இரண்டை உருவி, யாருமே நிற்காத இடப்பக்கம் நீட்டி, பிடியை விட்டாள்.

வதீம் கைதட்டுவதை நிறுத்தினான்.

பூக்கள் கீழே விழவில்லை.