இரண்டு கொத்துச் செவ்வந்தி

ஞாயிற்றுக்கிழமை. கல்லறைக்குக் கிளம்பிய வெர்னா, இரண்டு கொத்துச் செவ்வந்தியை மேசையில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். துப்பறியும் அதிகாரி கைல், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"ஆள் தெரிஞ்சிடுச்சும்மா."

மகள் டெஸ்ஸாவைக் கொன்றவனை அயோவா முழுக்கத் தேடி முப்பத்தொரு வருஷம் ஓடிவிட்டது.

"எப்படிப்பா?"

"அவ சட்டையில இருந்த அவனோட ரத்தத்தின் டி.என்.ஏ.வை வம்சாவளி வெப்சைட்ல போட்டோம். ஐடஹோவுல ஒரு அம்மா, அவனுக்குத் தூரத்துச் சொந்தம்னு வந்துச்சு. அவங்க கொள்ளுத்தாத்தாவுல ஆரம்பிச்சுக் கிளை கிளையா இறங்கி வந்தா, அந்த வருஷம் நம்ம ஊர்ல இருந்தது ஒரே ஒருத்தன்தான். ஊர்ஜிதமும் பண்ணியாச்சு."

"உயிரோட இருக்கானா?"

"இல்லம்மா. செத்து ஆறு வருஷமாச்சு."

"தப்பிச்சிட்டான் பாவி. எங்க புதைச்சிருக்காங்கன்னாவது சொல்லு. காறித் துப்பிட்டு வரேன்."

கைல் பூவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டாவது கொத்து எதிர்வீட்டு வெண்டலுக்காம்மா?"

"பின்ன? அவ காணாமப் போன அன்னிக்கு டார்ச் லைட்டோட என்கூட சோளக்காடெல்லாம் அலைஞ்சவன் அவன்தானே. கேக்க நாதியில்லாம செத்தானேன்னுதான், டெஸ்ஸா பக்கத்துல எனக்குன்னு வாங்கி வெச்ச இடத்தையே..."

கைல் தலை நிமிரவில்லை.

வெர்னா அந்த இரண்டாவது கொத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"நானே கொண்டுபோய் அவ பக்கத்துல படுக்க வெச்சிட்டேனேப்பா."