ஜோசப் சாருக்கு ஒரு கேக்

"இன்னாடி இது, கேக்கா கரியா?"

வரதனுக்கு அழுகையே வந்துவிட்டது. டின்னுக்குள் கன்னங்கரேலென்று ஒரு கட்டி. கத்தியால் குத்தினான், கத்திதான் வளைந்தது.

"நீதானேய்யா கேக்கு கேக்குன்னு குதிச்சே?" பச்சையம்மா மூக்கைச் சிந்தினாள். "எங்க நைனா ஊட்ல கிளிஞ்சல் சுடுற சூளை இருக்குதில்ல, அதே மாதிரி சின்னதா கட்டினேன். சூடு ஏறிக்கினே போச்சு. நான் இன்னா பண்றது?"

கிளிஞ்சலையே சுண்ணாம்பாக்குகிற சூளையில் கேக்கை வைத்தால் வேறு என்ன ஆகும்! பழவேற்காட்டில் பிறந்தவளுக்குத் தெரிந்த சூளை அது ஒன்றுதான்.

வரதனின் தவிப்பும் நியாயம்தான். கும்மிடிப்பூண்டியில் இருந்த இரும்பு வார்ப்படத் தொழிற்சாலையில் மூன்று வருஷமாகத் தினக்கூலி. வேலையை பெர்மனென்ட் ஆக்குவது எஞ்சினியர் ஜோசப் கையில் இருந்தது. அவருக்கோ கேக் என்றால் உயிர். "ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வாங்க சார், கேக்கு பண்றோம்" என்று இவன் வாயை விட்டிருந்தான்.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. பச்சையம்மா டின்னோடு உள்ளே ஓடி ஒளிந்தாள்.

"என்னப்பா, தீயற வாசனை?"

"கேக்கு கரிஞ்சிட்ச்சு சார். மன்னிச்சுக்கோங்க."

"எதுல சுட்டீங்க?"

வரதன் அவரைக் கொல்லைக்கு அழைத்துப் போனான். ஜோசப் குனிந்து சூளை வாயைத் திறந்தார். உள்ளே தணல் தகதகவென்று ஜொலித்தது. சட்டென்று வெளிச்சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

"சார், சுடும்!"

சுடவில்லை. அவர் கையை எடுக்கவுமில்லை. சுவரைத் தடவிக்கொண்டே சுற்றி வந்தார். மாதா கோயிலில் நிற்கிறவர் மாதிரி குரல் இறங்கிவிட்டது.

"கர்த்தரே! ஒரு விரிசல் இல்லையே! எங்க உலைச்சுவர் மாசத்துக்கு ரெண்டு தடவை வெடிக்குது. பம்பாய்லேர்ந்து ஆளுங்க வந்து பார்த்தும் ஒண்ணும் ஆகலை. இதை யாருப்பா கட்டினது?"

'நான்தான்' என்று சொல்ல வரதனின் நாக்கு துடித்தது. வீட்டுக்குள்ளே கை காட்டினான்.

"என் சம்சாரம் சார்."

பச்சையம்மா தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"மண்ணுல என்னம்மா கலந்தீங்க?"

"ஏரிச் சேறு, உமி, கிளிஞ்சப் பொடி. மூணு நாள் ஊற வெச்சு மிதிக்கணும் சார். எங்க ஊர்ல எல்லாரும் இப்டித்தான் கட்டுவாங்க."

"எல்லாரும் இப்படித்தானாம்!" ஜோசப்புக்குக் கண் கலங்கிவிட்டது. சூளையை விட்டுப் பார்வையை எடுக்காமலே சொன்னார்: "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஆபீசுக்கு வந்துடணும். வேலை பெர்மனென்ட்!"

வரதன் நெடுஞ்சாண்கிடையாக விழாத குறை. "வந்துடறேன் சார்! ஏழுக்கே வந்துடறேன்!"

"உன்னைச் சொல்லலைப்பா, அவங்களைச் சொன்னேன்" என்ற ஜோசப், அவன் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "சரி, நீயும் வா. அவங்களுக்கு மண்ணு மிதிக்க ஒரு ஆள் வேணுமே!"