வாளியில் ஒரு செடி

ஏரியை மூடிக்கிடந்த ஆகாயத்தாமரையை இயந்திரம் வாரி வாரிக் கரையில் கொட்ட, மீன்பிடிக்கிறவர்கள் விசிலடித்தார்கள். பிலோமினா அந்த ஊதாப் பூக்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணமான புதிதில், பூ அழகு என்று அவள் சொன்ன ஒரு சொல்லுக்காக, எங்கிருந்தோ ஒற்றைச் செடியைச் சாப்பாட்டுத் தூக்கில் கொண்டுவந்து இங்கே விட்டவர் அவள் கணவர் மிக்கேல். பின்னாளில் வலை சிக்கும்போதெல்லாம் அதைத் திட்டித் தீர்த்தவரும் அவர்தான்.

“பூவை மட்டும் கிள்ளிக்கங்க அக்கா, வேரோட வேணாம்,” என்றான் இயந்திரம் ஓட்டியவன்.

“வெறும் பூ நாளைக்கே வாடிரும்ப்பா. கல்லறைத் திருநாள் நாளன்னைக்குல்ல.”

மிக்கேலின் கல்லறையில் ஒரு நாள் இருந்துவிட்டுச் செடி வீட்டுக்கே திரும்பியது. தூக்கிப்போட அவளுக்கு மனம் வரவில்லை. கொல்லைப்புற வாளியில் குட்டிச் செடிகள் விட்டு, இன்னொரு பூவும் பூத்தது.

அன்று அடைமழை. வாளி நிரம்பி, குட்டிச் செடி ஒன்றையும் இழுத்துக்கொண்டு ஏரிப் பக்கமாக வழிந்தது. பிலோமினா குடையை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பூவுக்குப் பிடித்தாள்.