அசெனின் பெயரில்

கலோயன் மூன்று மாடி ஏறி வருவதற்குள் நெவெனா கணவன் அசெனின் செருப்பை எடுத்து வாசலில் போட்டாள்.

அசென் இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

காலையிலேயே கீழே போய், தெருக்கதவில் ஒட்டியிருந்த அவன் நினைவுத்தாளைக் கத்தியால் சுரண்டி எடுத்திருந்தாள். இரண்டாம் ஆண்டுக்கென்று போன வாரம் அவளே படம் போட்டு அச்சடித்து ஒட்டியது. ருசே நகரில் எந்த வீட்டில் சாவு என்பதைக் கதவைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். சுரண்டும்போது அவன் முகம் பாதியாகக் கிழிந்தது.

வந்தவனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சோஃபியாவிலிருந்து ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

உலகமெங்கும் இருக்கும் ஆயிரம் பேர் சம்பளம் வாங்காமல் சேர்ந்து செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விடுகிற ஒரு கணினி இயங்குதளம். அதன் புதிய வெளியீட்டுக்குப் பொறுப்பானவர்களில் கலோயனும் ஒருவன்.

அதில் அசெனின் பங்கு ஒரே ஒரு லைப்ரரி. பழைய கோப்புகளில் குழம்பிக் கிடக்கும் சிரிலிக் எழுத்தைச் சரியாகப் படித்துக் கொடுக்கிற சின்ன நிரல். முந்நூற்றுச் சொச்சம் பெரிய நிரல்கள் அதை நம்பி ஓடுகின்றன.

அதை எழுதுகிறவர்கள் புதுப் பதிப்பு விடும்போதெல்லாம் அதை இயங்குதளத்தில் சேரும்படி பேக்கேஜாகக் கட்டி, அனுப்புவது தான்தான் என்பதற்கு அடையாளமாகத் தன் ரகசிய மின்சாவியால் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். பதினோரு வருடம் அசென் அதைச் செய்தான். கடைசி ஆறு மாதம் விரல்கள் அவன் சொன்னபடி கேட்கவில்லை. அவன் சொல்லச் சொல்ல நெவெனா தட்டினாள். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அடக்கம் முடிந்த மறுவாரம், புதுப் பதிப்பு வந்திருக்கிறது என்று மடல் வந்தது. அவளே கட்டினாள். அவன் சாவியிலேயே அனுப்பினாள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது. மருந்துக்கடை வேலை முடிந்து வந்தால் அவளுக்கென்று அந்த வீட்டில் இருந்தது அது ஒன்றுதான்.

இப்போது அந்தச் சாவி இந்த மாதத்தோடு காலாவதியாகிறது. புதுச் சாவிக்கு வெளியீட்டுக் குழுவில் ஒருவர் நேரில் வந்து, முகத்தையும் அடையாள அட்டையையும் சேர்த்துப் பார்த்து உறுதி சொல்ல வேண்டும். இல்லையென்றால் மாதம் முடிகிற வெள்ளிக்கிழமை பேக்கேஜ் வேறு யாருக்காவது போய்விடும். இன்னொருவர் சாவியில் கையெழுத்திட்டது வெளியே தெரிந்தால் அதைவிட மோசம். ஊரறியப் பெயர் சொல்லி வெளியே தள்ளுவார்கள்.

“அவர் வர்னா வரைக்கும் போயிருக்காரு தம்பி. அட்டையை வச்சுட்டுத்தான் போனாரு,” என்று மேசையில் அசெனின் அட்டையை வைத்தாள். அவன் இறந்தபோது தொலைந்துபோனதாகப் பொய் சொல்லி, அரசாங்கத்திடம் ஒப்படைக்காமல் வைத்திருந்த அட்டை.

அட்டையை வீட்டில் வைத்துவிட்டு யாராவது வெளியூர் போவார்களா என்பது, சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

கலோயன் அவள் தட்டில் வைத்திருந்த பனிட்சாவை, பாலாடைக்கட்டி அடைத்த அப்பத்தை, ஒரு வாய் பிட்டுப் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினான். அட்டையைத் தொடவில்லை.

“இது வேண்டாம்க்கா. உங்க அட்டையை எடுத்துட்டு வாங்க. புதுச் சாவி உங்க பேர்லயே இருக்கட்டும்.”

நெவெனா கையிலிருந்த காபிப் பாத்திரத்தை மேசையில் வைத்தாள். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாள்.

அவன் சொன்னான். “மொத தடவை அனுப்பினீங்களே, அதுல லைப்ரரியோட உள்பக்கம் மாறியிருக்கு, ஆனா பேரோட வர்ற பதிப்பு எண்ணை நீங்க மாத்தலை. அதை நம்பியிருந்த அத்தனையும் படுத்துடுச்சு. ஒன்பது பேர் ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து திரும்பக் கட்டினோம். அதுக்கப்புறம் நீங்க அனுப்பின ஒவ்வொண்ணையும் ஒருத்தர் வரி வரியாப் படிச்சுப் பாத்துட்டுத்தான் உள்ள விட்டோம். ஒரு குறை இல்லை.”

“அந்தத் தப்புலதான் கண்டுபிடிச்சீங்களா?”

“தப்பு அவரும் பண்ணுவாருக்கா. ஆனா சுட்டிக்காட்டினவனோட ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிட்டுத்தான் திருத்துவாரு. நீங்க மன்னிப்புக் கேட்டு எழுதினீங்க. அன்னிக்கே நாங்க அவருக்கு மெழுகுவத்தி ஏத்திட்டோம்.”

அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அசென் தங்கமான மனிதன், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டான் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அவளும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அவனை உள்ளபடி தெரிந்த ஒருவன் இன்றுதான் வீட்டுக்கு வந்திருக்கிறான்.

நெவெனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அட்டையை எடுக்க உள்ளே போனவள் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. கலோயன் கூப்பிடவில்லை.