வரியோரத்தில் ஒரு கட்டம்

காலை ஷிப்ட் பஸ் கிளப்பிவிட்டுப் போன கரித்தூசி இன்னும் ஜன்னல் வெயிலில் மிதந்துகொண்டிருக்கிறது. இடுப்பு ஒடிந்து கட்டிலோடு கிடக்கும் கண்ணையன், சுரங்கத்தில் தான் பார்த்த கான்ட்ராக்ட் வேலை மகளுக்காவது கிடைக்கட்டும் என்று விண்ணப்பத்தை இசைப்பிரியாவின் முன்னால் நகர்த்துகிறார். அது அவளுடைய ஆராய்ச்சித் தாள்களின் மேல் போய் உட்காருகிறது. எந்தக் கணினியாலும் சீக்கிரம் தீர்த்துவிட முடியாத கணக்குகளைப் பற்றிய தாள்கள், பாதியில் நிற்கின்றன. "எம்மெஸ்ஸி, ஆராய்ச்சின்னு எழுதினா தூக்கிப் போட்டுடுவாங்கம்மா. பத்தாவதுன்னு மட்டும் போடு." அவர் அசையும்போதெல்லாம் இடுப்பு பெல்ட் கிறீச்சிடுகிறது. அவள் பேனாவை மூடுகிறாள், திறக்கிறாள், மறுபடி மூடுகிறாள். கடைசியில், கல்வித் தகுதிக்கு நேரே பத்தாம் வகுப்பு என்று எழுதுகிறாள். ஒவ்வொரு நிரூபணத்தின் முடிவிலும் ஆறு வருடமாகப் போட்டுப் பழகிய சின்னக் கட்டத்தை, அவளைக் கேட்காமலே கை அந்த வரியின் ஓரத்தில் போட்டுவிடுகிறது. "இன்னாம்மா கட்டம் போட்டுக்கினு இருக்க? ஒரே ஃபார்ம்தான் குடுத்தாங்க." கட்டத்துக்குள் மையை நிரப்பிக்கொண்டே அவள் சொல்கிறாள்: "ஒண்ணும் இல்லப்பா. முடிஞ்சுதுன்னா இப்படித்தான் போடுவோம்."